கவசப் பீப்பாயில் முட்டைக்கோஸ்

பீப்பாயின் மூடியைத் திறந்ததும் பொக்னா அலறவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பது கிலோ இரும்புக் கவசம் இருக்க வேண்டிய நீலநிற பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் விளிம்பு வரை புளித்த முட்டைக்கோஸ் இருந்தது. மேலே ஒரு பிரிஞ்சி இலை மிதந்தது.

"பாஸ், இது திருட்டு இல்ல. சமையல்," என்றேன்.

லுத்விகா கொஸேரா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில்வேயின் தொலைந்த சாமான் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். அந்த ஆபீசின் ஊழியர் பட்டாளம் மொத்தமும் ஃபெலிக்ஸ் என்கிற நான்தான். முன்பு டாக்ஸி ஓட்டினேன். இப்போது வாய் மட்டும் ஓடுகிறது. ரோகோவா கோட்டையில் நடக்கும் மூன்று நாள் கவசச் சண்டைப் போட்டியில் தொலைகிற பொருள்களைத் தேடித் தர எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாளில் நாங்கள் மீட்டது மூன்று குடை, ஒரு பல்செட், ஒரு மாமனார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை வந்தது.

"பன்னெண்டு மணி அடிக்கிறதுக்குள்ள முழுக் கவசத்தோட நடுவர் முன்னாடி நிக்கணும் மேடம்," என்றாள் பொக்னா. "இல்லேன்னா இறுதிச் சண்டையில நான் இல்ல. கொர்னேலியா கையக் காலை அசைக்காம ஜெயிச்சு நாட்டு அணிக்குப் போயிடுவா."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாமே?" என்றேன்.

"எனக்கு நாப்பத்தொண்ணு வயசு சார். தோள்பட்டை கிழிஞ்சு கிடக்கு. இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அப்புறம் கத்தியை வெச்சே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். கத்தி வெச்சா சண்டை அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் வர்ற புதன்கிழமைக்கே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டார். இன்னிக்கு ஜெயிச்சு நாட்டு அணிக்குப் போனாதான் அதைத் தள்ளி வெச்சு, அந்த ஒரு வருஷம் எனக்குக் கிடைக்கும்."

"யார்கிட்டயாவது இரவல் வாங்கிப் போட்டுக்கக் கூடாதா?"

"அடுத்தவர் பல்செட்டை நீங்க மாட்டிப்பீங்களா?"

நியாயமான கேள்வி. நேற்று நான் மீட்ட பல்செட்டை நினைத்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

கவசக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதில் அவர்களுக்குள் தகராறே கிடையாது. கவசத்தை எதில் வைத்துத் தூக்குவது என்பதில்தான் வெட்டுக்குத்து. சக்கரம் வைத்த பெரிய பைதான் சௌகரியம் என்பது ஒரு கட்சி; கருங்கல் தரையில் சக்கரம் இரண்டு தெரு தாண்டாது என்பது அதன் எதிர்க்கட்சி. மரப்பெட்டிதான் லட்சணம் என்பவர்களிடம் அதைத் தூக்க இன்னும் மூன்று பேர் எங்கே என்று கேட்க வேண்டும். பிளாஸ்டிக் பீப்பாய்க் கட்சி மட்டும் அதிகம் பேசாது. மழை புகாது, உருட்டலாம், மேலே உட்கார்ந்து சாப்பிடலாம். பொக்னா பரம்பரைப் பீப்பாய்க்காரி.

லுத்விகா பீப்பாயைச் சுற்றி வந்தார். "இது உங்க பீப்பாய்தானா?"

"என்னோடதுதான். எங்க அணி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க." காக்கை படம் போட்ட ஸ்டிக்கர். அணியின் பெயரே காக்கைகள்.

லுத்விகா மூடியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். "இதுல ஓட்டை ஒண்ணுகூட இல்லையே?"

பொக்னா குனிந்து பார்த்தாள். "அட, ஆமா! என் மூடியில பன்னெண்டு ஓட்டை இருக்கும். ஒனுஃப்ரிதான் போட்டுக் குடுத்தார். என் வீட்டுக்காரர், தச்சர். ஈரம் வெளிய போகலேன்னா இரும்பு துருப்பிடிச்சுடுமே."

"கவசப் பீப்பாய் மூச்சு விடணும். கோஸ் பீப்பாய் மூச்சே விடக் கூடாது," என்றார் லுத்விகா. "அப்போ இது சமையல் கூடாரத்துப் பீப்பாய். ஸ்டிக்கர் மட்டும் உங்களோடது. பீப்பாய் தெரியாம மாறிப் போகலாம். ஸ்டிக்கர் தெரியாம உரிஞ்சு, தெரியாம நடந்து வந்து, தெரியாம ஒட்டிக்குமா?"

"நல்லா தேச்சு வேற ஒட்டியிருக்கு பாஸ். ஒரு குமிழிகூட இல்ல. திருடன் சுத்தக்காரன்."

"கடைசியா எப்போ திறந்தீங்க?" என்று லுத்விகா பொக்னாவைக் கேட்டார்.

"நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு மூடினேன். காலைல ஆறு மணிக்குக் குளிக்கிற வரிசையில போய் நின்னேன், திரும்பி வர ஏழரை. வந்து அது மேல உக்காந்துதான் காபி குடிச்சேன். கனமாத்தான் இருந்தது, சந்தேகமே வரல. கவசச் சோதனை பதினொண்ணரைக்குன்னு சொல்லியிருந்தாங்க. திடீர்னு பத்து மணிக்கே கூப்பிட்டாங்க, அதனாலதான் திறந்தேன்."

"உள்ள என்னென்ன இருந்தது?"

"கீழ இரும்பு எல்லாம். அதுக்கு மேல தலைக்கவசம். எல்லாத்துக்கும் மேல..." பொக்னா தலையைக் குனிந்துகொண்டாள். "உள்ள போட்டுக்கிற பஞ்சுச் சட்டை. நேத்து மழையில சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது. அலுப்புல அப்படியே திணிச்சு மூடிட்டேன்."

பக்கத்துக் கூடாரத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த மீசைக்காரர் இதைக் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். ஈரச் சட்டையை இரும்போடு மூடுவது இவர்களிடையே அப்படிப்பட்ட பாவம்.

"கூடாரத்துல யாரெல்லாம் தூங்கினீங்க?"

"நானும் ஒனுஃப்ரியும்தான். மத்த நாலு பொண்ணுங்களும் ஊருக்குள்ள விடுதியில. ஒன்பதரை பஸ்ஸுக்குத்தான் வந்தாங்க. ஒனுஃப்ரி பாவம், விஷயம் கேட்டதும் முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. கோட்டை முழுக்கத் தேடுறேன்னு ஓடினார். வடக்குக் கோபுரத்து ஜன்னலெல்லாம் இப்ப அவர்தான் மாத்திக்கிட்டிருக்கார், அவருக்கு எல்லா மூலையும் அத்துப்படி."

பொக்னாவை நடுவர்களிடம் கெஞ்ச அனுப்பிவிட்டு நாங்கள் சமையல் கூடாரத்துக்கு நடந்தோம். அங்கே பெலாஜியா அம்மாள் ஆளுயர அண்டாவில் கோஸும் இறைச்சியும் சேர்த்துக் கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பைப் பிடித்திருந்த தோரணையில், அவரையே களத்தில் இறக்கினால் இரண்டு அணிகளும் ஓடிவிடும் என்று தோன்றியது.

"பீப்பாயா? ஏழு இருந்தது. இப்பவும் ஏழு இருக்கு. ஆனா ஒண்ணு காலி!" என்று பொரிந்து தள்ளினார். "அதுவும் ஓட்டை மூடி! எவன் பாத்த வேலைன்னு மட்டும் தெரியட்டும், அவனை இந்த அண்டாவுலயே போட்டுக் கிண்டுறேன்."

"உப்பு பாத்துப் போடுங்கம்மா," என்றேன்.

"தம்பி, உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

காலிப் பீப்பாயின் மூடியில் பன்னிரண்டு ஓட்டைகள் இருந்தன. பொக்னாவுடையதேதான். லுத்விகா தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை, துணியால் துடைத்து வைத்திருந்தது.

"எடுத்த இடத்துல ஒண்ணை வெச்சுட்டுப் போயிருக்கான். அதையும் துடைச்சு வெச்சிருக்கான்," என்றார்.

"இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைச்சா எங்க அக்கா பொண்ணைக் கட்டி வெச்சிடலாம்."

கோட்டை வாசலில் கேட்டோம். காலையிலிருந்து கனமான சாமானோடு ஒருத்தரும் வெளியே போகவில்லை என்று காவல்காரர் அடித்துச் சொன்னார். அப்படியானால் கவசம் மதில் சுவருக்குள்ளேதான் இருக்கிறது. எனக்கு அதற்குமேல் யோசிக்கவே தேவைப்படவில்லை. பொக்னா வராவிட்டால் யாருக்கு லாபம்? நேராகக் கொர்னேலியாவின் கூடாரத்துக்கு பாஸை இழுத்துக்கொண்டு போனேன்.

கொர்னேலியா ஆறேகால் அடி உயரம். பியரோகி தட்டை மடியில் வைத்து, கொழுக்கட்டை விழுங்குவது போல ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சக்கரம் வைத்த பெரிய பை. ஒரு சக்கரம் உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது.

"உங்க பையில ரெண்டு பேர் கவசம் கொள்ளும் போலிருக்கே?" என்றேன் நைசாக.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து பையின் ஜிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தாள். உள்ளிருந்து கிளம்பிய வாடையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தது ஒரே ஒருவர் கவசம். ஆறேகால் அடிக்காரி கவசம்.

"நல்லா பாத்துக்கோங்க. நாலு வருஷமா இந்தப் பொக்னாகிட்ட உதை வாங்கிட்டிருக்கேன். முதுகுல எந்தெந்த இடம்னு விரல் வெச்சுக் காட்டட்டுமா? இந்தத் தடவை திருப்பிக் குடுக்கலாம்னு குளிர்காலம் முழுக்கத் தூக்கம் இல்லாம பயிற்சி எடுத்திருக்கேன். அவ வரலேன்னா நான் யாரை அடிக்கிறது, உங்களையா?"

"வேணாம். எனக்கு நாலு மணிக்கு வேற வேலை இருக்கு."

"அப்போ சீக்கிரம் கண்டுபிடிங்க!" என்று அவள் எங்களை விரட்டினாள். குற்றவாளி என்று நான் போய்ப் பிடித்தவள், எங்கள் கட்சிக்காரியைவிட அதிகமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மணி பதினொன்று. மழை விட்டு நல்ல வெயில். கூடாரங்களுக்கு நடுவே கட்டிய கயிறுகளில் அணி அணியாகப் பஞ்சுச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. காக்கை அணியின் கயிற்றருகே லுத்விகா சட்டென்று நின்றார்.

"ஃபெலிக்ஸ், எண்ணு."

"அஞ்சு சட்டை."

"அணியில எத்தனை பேரு?"

"அஞ்சு பேரு. எல்லாம் சரியா இருக்கு பாஸ். வாங்க, அந்த மீசைக்காரரை ஒரு பிடி பிடிப்போம்."

"சரியா இருக்கிறதுதான் தப்பு."

புரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. பொக்னாவின் சட்டை பீப்பாயோடு போயிருக்க வேண்டும். இந்தக் கயிற்றில் நாலுதான் இருக்க வேண்டும்!

லுத்விகா ஐந்தாவது சட்டையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் முழுதாகக் காயவில்லை. "கவசத்தைப் பத்தித் தெரியாதவன் திருடியிருந்தா இதையும் சேத்து அள்ளிட்டுப் போயிருப்பான். பகையாளியா இருந்தா சேத்துல போட்டு மிதிச்சிருப்பான். இவன் என்ன பண்ணியிருக்கான் பாரு. பிழிஞ்சு, உதறி, ரெண்டு கையையும் விரிச்சு, வெயில் விழுற பக்கமாப் போட்டிருக்கான். அதுவும் அவளோட அணிக் கயித்துலயே. திருடுற அவசரத்துலயும் ஈரச் சட்டையை இரும்போட சேத்து மூட அவனுக்குக் கை வரல. பழக்க தோஷம்."

"அப்போ கவசக்காரங்கள்ல ஒருத்தன்."

"கவசக்காரியோட குடித்தனம் பண்றவன். பொண்ணுங்க நாலு பேரும் ஒன்பதரைக்குத்தான் வந்தாங்க. இது பிழிஞ்சு போட்டு நாலு மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்த நேரத்துல இங்க யார் இருந்தா? சட்டையை எடுத்துக்கோ, பொக்னாவைக் கூப்பிடு. வடக்குக் கோபுரம்."

அந்தச் சட்டை ஆறு கிலோவாவது இருக்கும். நாலு வருஷத்து வியர்வை அதில் குடியிருந்தது. தோளில் போட்டுக்கொண்டு நடுவர் மேடைக்கு ஓடினேன். பொக்னா அதைப் பார்த்ததும் பாய்ந்து வந்தாள்.

"என் சட்டை! எங்கே கிடைச்சது?"

"உங்க கயித்துலேயே."

"அது வழியா நாலு தடவை ஓடினேனே!"

"தினமும் தொங்குறதை யார் பாப்பாங்க?" என்றேன். பாஸ் பேசுகிற தோரணையிலேயே சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கோபுரத்தில் தொண்ணூற்று நாலு படிகள். அத்தனையும் சுழல் படி, ஆள் ஒருவர் போகும் அகலம்தான். உச்சி அறையில், மரத்தூளுக்கு நடுவே, கருவேலமரப் பெட்டி ஒன்றின் மேல் ஒனுஃப்ரி உட்கார்ந்திருந்தார். கையில் மரச்சுத்தி, விரல்களெல்லாம் சிராய்ப்பு. மனைவியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர் போல இருந்தது முகம்.

"உள்ளதான் இருக்கு," என்றார். "திறக்க வரல."

"நீயா?" என்றாள் பொக்னா. "நீயா எடுத்தே?"

"திருடல பொக்னா. உனக்காகப் பண்ணினது. குளிர்காலம் முழுக்க ஜன்னல் வேலை முடிஞ்சதும் உக்காந்து இழைச்சேன். ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனி பள்ளம், உள்ள செம்மறித் தோல். பதினொண்ணரைக்குக் களத்துல எல்லார் முன்னாடியும் கொண்டுவந்து வைக்கலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கோஸ் பீப்பாய். அவங்க பத்து மணிக்கே கூப்பிடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? நீ திருட்டுன்னதும் ஓடிவந்தேன். ராத்திரி சாரல் அடிச்சு மரம் ஊதிப்போச்சு. காலைலயே மூடி இறுக்கமாத்தான் இருந்தது, நான்தான் புத்தி கெட்டுத் தட்டி மூடினேன்."

"உடைச்சிருக்கலாமே?" என்றேன்.

அவர் மூடியைப் பார்த்தார். சிறகு விரித்த காக்கை ஒன்றை இறகு இறகாகச் செதுக்கியிருந்தார். "கோடாலியை மூணு தடவை ஓங்கினேன் சார். முடியல."

"சரி, பெட்டி எதுக்கு?" பொக்னாவின் குரல் இறங்கியிருந்தது. "பீப்பாய் நல்லாத்தானே இருந்தது?"

"ஊர் ஊராத் தூக்கிட்டுப் போக அது நல்லது. வீட்டுல வைக்க நல்லாவா இருக்கும்? புதன்கிழமைக்கு அப்புறம் கவசம் கூடத்துலதானே இருக்கப் போகுது. வர்றவங்க பாக்கட்டும்னு..."

பொக்னா அவரை வெறித்துப் பார்த்தாள். எனக்கு அந்த அறையில் நிற்கவே சங்கடமாக இருந்தது.

"அப்போ இன்னிக்கு நான் தோத்துடுவேன்னு குளிர்காலத்துலயே முடிவு பண்ணிட்டே," என்றாள். "என் கவசத்துக்குச் சவப்பெட்டி செஞ்சிருக்கே."

ஒனுஃப்ரி நல்ல மனுஷன்தான். ஆனால் அவள் சொன்னது உண்மை, அது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பொக்னா மூலையில் கிடந்த கோடாலியைக் கையில் எடுத்தாள்.

"கீழ வைம்மா," என்றார் லுத்விகா. "முப்பத்தோரு வருஷம் திருட்டுப் பெட்டி பாத்தவ நான். மூடியைத் திறக்கிறவன் சொந்தக்காரன் மட்டும்தான். திருடன் எப்பவும் அடிப்பலகையைத்தான் பெயர்ப்பான். ஃபெலிக்ஸ், அந்தப் பக்கம் பிடி. கவுக்கணும்."

நாலு பேரும் சேர்ந்து கவிழ்த்தோம். அடிப்பலகையில் சாதாரண ஆணிகள்தான். ஒனுஃப்ரி கடப்பாரையை விட்டு ஒரே நெம்பில் முதல் பலகையைப் பெயர்த்தார். அதற்கு அவர் கை தயங்கவே இல்லை. இரும்பு தெரிந்தபோது மணி பதினொன்று முப்பத்தாறு.

"முப்பது கிலோ, தொண்ணூத்து நாலு படி," என்றேன். "பீப்பாய் இல்ல, பை இல்ல, பெட்டிக்கு அடி இல்ல. எதுல பாஸ் தூக்கிட்டுப் போறது?"

"கவசத்தைத் தூக்க உலகத்துலயே வசதியான சாமான் ஒண்ணு இருக்கு," என்று லுத்விகா பொக்னாவைக் காட்டினார். "அது மேல வெச்சுதான் கவசத்துக்கு அளவே எடுத்தது."

ஈரச் சட்டையைப் போட்டபோது பொக்னாவுக்குப் பல் கிட்டித்தது. ஒனுஃப்ரி மண்டியிட்டு வார்களைக் கட்டினார். கால், தொடை, மார்பு, தோள். அவர் விரல்களில் ரத்தம் கசிந்தது, ஆனால் ஒரு வார்கூடத் தவறவில்லை. இத்தனை வருஷமும் அவர்தான் கட்டிவிடுகிறார் போலிருக்கிறது. கடைசியில் தலைக்கவசத்தை மாட்டும்போது, "இடது பக்கம் அவ ஏமாத்துவா, பாத்துக்கோ," என்றார்.

"தெரியும்," என்றாள் உள்ளிருந்து.

இரும்புச் சத்தத்தோடு சுழல் படிகளில் இறங்கி, முற்றம் தாண்டி, நடுவர் மேஜை முன்னால் அவள் நின்றபோது பன்னிரண்டு அடிக்க நாலு நிமிஷம் இருந்தது. நடுவர் தலைக்கவசத்தைத் தட்டினார், கைக்கவசத்தைத் திருகிப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், கையெழுத்துப் போட்டார். கயிற்றுக்கு அப்பால் காத்திருந்த கொர்னேலியா கேடயத்தில் வாளால் இரண்டு தட்டுத் தட்டினாள். கூட்டம் எழுந்துகொண்டது.

மூன்று சுற்று. முதல் சுற்றில் கொர்னேலியா குளிர்காலத் தூக்கத்துக்கெல்லாம் சேர்த்து வட்டி வாங்கினாள். இரண்டாவதில் பொக்னா அவள் இடது பக்க ஏமாற்றுக்குக் காத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். திறந்தபோது ஆறேகால் அடிக்காரி தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவர் பொக்னாவின் கையை உயர்த்தினார். வலிக்கிற தோளின் கையைத்தான் உயர்த்தினார். அவள் கீழே இறக்கவில்லை.

அவள் நேராக வேலிக்கு வந்து ஒனுஃப்ரியின் முன்னால் நின்றாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை.

"மன்னிச்சுக்கோ," என்றார் ஒனுஃப்ரி. "நான் உன்னை நம்பல."

"தெரியும். இப்போ என்ன பண்ணப் போறே?"

ஒனுஃப்ரி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. செய்தியைச் சொல்லுங்கள் என்று இயந்திரம் கேட்டது. புதன்கிழமை ஆபரேஷன் வேண்டாம், ஒரு வருஷம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று அவர் அதனிடம் சொன்னார். அதோடு போனை வைத்திருக்கலாம். ஆனால் நிறுத்தவில்லை. ஏன் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் சுற்றில் எப்படி அடி வாங்கினாள், இரண்டாவதில் எப்படித் திருப்பினாள் என்று, கண்ணீர் வழிய, ஒவ்வொரு வீச்சாக. மூன்றாவது சுற்று வரும்போது நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் அதே எண்ணை அழுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.